ஏழாங்கட்டையில் நின்றவனுக்கு

மச்சான்,

உன் தகர டப்பாவைப் போன வாரம்தான் திறந்தேன். பின் சக்கரம் பஞ்சர். என்னிடம் இருந்த சொலூசன் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. டவுனுக்கு இறங்கிப் போய் வாங்க அலுப்பு. அலமாரிக்கு மேலே, மூன்று மாதமாக நான் ஏறெடுத்தும் பார்க்காத உன் பிஸ்கட் டப்பா இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. நெம்பித் திறந்ததும் அந்த வாடை மூக்கில் அடித்தது. ரப்பர் சொலூசன், உப்புத்தாள், நீ எதற்கெடுத்தாலும் போடுகிற தேங்காயெண்ணெய், எல்லாம் கலந்த வாடை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளின் கோடியில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில், டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டு நீ குந்தியிருப்பாயே, அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டாய்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மனைவி இந்த டப்பாவைக் கொண்டுவந்து, "அண்ணே, இது ஒங்ககிட்டதான் இருக்கணும்" என்று கையில் கொடுத்தாள். வாங்கி மேலே வைத்தவன் தொடவே இல்லை. பயம். என்ன பயம் என்று உனக்குத் தெரியும். பயந்தது சரியாகத்தான் போயிற்று. ஒட்டுப்போடுகிற ரப்பர் துண்டுகளுக்கு அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. நம் ரோடுகளைப் போலச் சுற்றிச் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நமக்கு இருபது வயதில் அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமை என்றால் லயத்துப் பையன்கள் எல்லாம் கிரிக்கெட் ஆடப் போவார்கள். நாம் இரண்டு பேரும் இந்தியச் சைக்கிள்களை பதுளை ஸ்டேசனில் ரயிலின் கார்ட் பெட்டியில் ஏற்றிவிட்டு அப்புத்தளையில் போய் இறங்குவோம். அங்கிருந்து பெரகலைக்கு இறக்கம். இறங்குவதற்கு முன் நீ ஸ்டேசனில் கிடந்த பழைய பத்திரிகையை எடுத்து இரண்டாக மடித்து, ஒன்றை என் சட்டைக்குள் நெஞ்சோடு செருகுவாய், ஒன்றை உன் சட்டைக்குள். குளிர்காற்று நெஞ்சில் ஏறாமலிருக்க அது உன் வைத்தியம். மூடுபனிக்குள் பத்தடிக்கு மேல் ரோடு தெரியாது. முன்னால் போகிற உன் விசில் மட்டும் கேட்கும். வளைவு வந்தால் இரண்டு விசில், வண்டி வந்தால் ஒரே இழுப்பாக ஒன்று.

பெரகலைச் சந்தியில் ரொட்டியும் பிளேன்டீயும். நீ நெஞ்சுக்குள்ளிருந்து பத்திரிகையை உருவி, வேர்வையில் நனைந்ததை மேசைமேல் விரித்து, ராசிபலன் படிப்பாய்.

"மச்சான், ஒனக்கு இன்னிக்கு வாகன யோகம்னு போட்டுருக்கு."

"அப்ப இவ்வளவு நேரம் ஏறி வந்தது என்னாடா, எரும மாடா?"

கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு ஹல்துமுல்லை வரை போய், வந்த வழியே திரும்பி ஏறுவோம். அந்த ஏற்றத்தில் நான் எத்தனை முறை இறங்கித் தள்ளியிருக்கிறேன்! நீ இறங்க மாட்டாய். பக்கத்திலேயே ஆமை வேகத்தில் மிதித்துக்கொண்டு, "மேல பாக்காத மச்சான். முன் வீல மட்டும் பாரு, ரோடு தானா வரும்" என்பாய். இன்றைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிற வெளிநாட்டுக்காரர்களிடம் இதையே இங்கிலீசில் சொல்கிறேன். என் சொந்தச் சரக்கு என்று நினைத்து அவர்கள் கைதட்டுகிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன். வெட்கம் கெட்டவன் நான்.

உனக்கு ரோடு என்பது தார் மட்டும் இல்லை. கொழுந்து லொறி எந்தத் திருப்பத்தில் டீசல் சிந்தும், மழை பெய்தால் எந்த இடத்தில் மேலேயிருந்து மண் வழுக்கி வரும், எந்த லயத்து நாய் குதிகாலைத் தேடி ஓடிவரும், எல்லாம் உனக்கு அத்துப்படி. பண்டாரவளையில் வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிற கம்பெனி ஒன்று ஆரம்பித்தபோது என்னை கைடாக எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு வரும், அவ்வளவுதான். நீ கையுதவிக்கு வந்தாய். நான் போட்டுக் கொடுத்த ரூட் எல்லாம் உன் தலைக்குள் இருந்தவை. முதலாளிக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டு, "அடுத்த சீசன்ல நீங்களும் கைட். இங்கிலீசு கொஞ்சம் படிச்சுக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து உன் அட்டகாசம் தாங்க முடியவில்லை. தேயிலைச் செடிகளைப் பார்த்து, "மைன்ட் த பென்ட், மேடம்" என்று குனிந்து கும்பிடுவாய். கொழுந்து பறிக்கிற பெண்கள், "யாரு அந்த மேடம்? எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். உன் மகள் அப்போது கைக்குழந்தை. அவளிடமும் அதே மைன்ட் த பென்ட்தான். உன்னை நான் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்தது அந்த ஒரு சீசனில்தான். அதைக் கெடுத்தவன் நான்.

நம் பக்கத்தில் கட்டை என்றால் மைல். ரோட்டோரக் கல்லெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இடத்துப் பெயர் மாறவில்லை. ஏழாங்கட்டை என்றால் பதுளையிலிருந்து ஏழாவது மைல். ஒரு கடை, பஸ் நிற்கிற இடம், மரத்தடியில் முனியாண்டி. தோட்டத்தில் பிறந்த எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் காட்டுவான். நானும் அங்கே பிறந்து வளர்ந்தவன்தானே! ஆனால் அந்தச் சமயம் மூன்று வாரமாக போனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் கிலோமீட்டரில் குறித்துக்கொண்டிருந்தேன். புது ரூட்டில், அதே ரோட்டின் ஏழாவது கிலோமீட்டர் கல்லில், இடப்பக்கம் ஒரு தோட்ட ரோடு பிரிந்து செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. இறங்குவதற்கு முன் பிரேக்கை எல்லாம் சரிபார்க்க வேண்டும். நீ ரிப்பேர் சாமான் பையோடு அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சவாரிக்கு முதல் நாள் சாயங்காலம் சொல்ல வந்தேன். நீ பெக்டரியில் இருந்தாய், உன் போன் ரிப்பேர். ரூட் தாளின் பின்பக்கம் எழுதி உன் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தலைக்குள் இருந்தது ஏழு கிலோமீட்டர். உனக்கு எழுதுகிறோம் என்றதும் கை தோட்டத்துத் தமிழுக்குப் போய்விட்டது. "மச்சான், காலைல பத்து மணிக்கு ஏழாங்கட்டைல நில்லு. பிரேக் ரப்பர், டியூப் எல்லாம் கொண்டா." எழுதி முடித்தவன் திருப்பிப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஹொலண்டுக்காரப் புருசன் பெண்சாதி இரண்டு பேர். ஏறி வரும்போதே அந்தம்மாவின் பின் பிரேக் கீச்சிட்டது. ரப்பர் தேய்ந்திருந்தது. பரவாயில்லை, மேலே என் ஆள் நிற்கிறான், மாற்றிவிடலாம் என்றேன். ஏழாவது கிலோமீட்டர் கல்லில் உன்னைக் காணோம். மூடுபனி இறங்க ஆரம்பித்தது, தூறலும் சேர்ந்துகொண்டது. கால் மணி நேரம் நின்றேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! "இவன நம்பி வந்தேன் பாரு" என்று கல்லை ஓர் உதை உதைத்தேன். நாலு கிலோமீட்டர் மேலே, ஏழாங்கட்டைக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. நீ என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்திருக்கிறாயா? அதையாவது யோசித்திருக்கலாம். "மெதுவா எறங்குவோம்" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் அந்தம்மா விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது.

நீ அங்கே, மேலே, மழையில் நின்றாய். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. கடைக்குள் வந்து உட்காரச் சொன்னதற்கு, "வேகமா வருவாங்க, என்னியப் பாக்காமப் போயிருவாங்க" என்று ரோட்டோரத்திலேயே நின்றாயாமே. இரண்டு மணி பஸ்ஸில் வந்தவர்கள் வெள்ளைக்காரம்மா விழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அதே பஸ் திரும்பும்போது ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பையை மட்டும் பொலித்தீனில் சுற்றி நனையாமல் வைத்திருந்தாய்.

வாசலில் முதலாளியும் நானும். முதலாளி, "எங்கய்யா போயிட்டீங்க?" என்று கத்தினார்.

"ஏழாங்கட்டைலதாங்க நின்னேன். மச்சான் சொன்ன எடத்துலதான்."

நீ அதைச் சொன்ன அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பிறகு புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.  முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்து, "நான் ஏழாவது கிலோமீட்டர்னுதானே சொன்னேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. ஏற்றத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கும்போது பார்ப்பாயே, அந்தப் பார்வை. உன் கை சட்டைப்பைப் பக்கம் போயிற்று, பிறகு கீழே இறங்கிவிட்டது. "ஆமாங்க முதலாளி. நாந்தான் மைலுன்னு நெனச்சுட்டேன்" என்றாய்.

அத்தோடு உன் கைட் வேலை போயிற்று. கையுதவி வேலையும் போயிற்று. அந்தச் சட்டைப்பைக்குள் என் தாள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? மழையில் ஊறிக் கிழிந்து போயிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு நிம்மதியாகவும் தூங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அதோடு விட்டேனா? கேட்டவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். ஏழாங்கட்டைக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "கிலோமீட்டருக்கும் மைலுக்கும் வித்தியாசம் தெரியாதவன கைடாக்கப் பார்த்தாரு எங்க முதலாளி" என்று சிரித்தேன். முதல் ஆளாக நான்தான் சிரித்தேன். பொய் நிற்க வேண்டும் என்றால் நாலு பேர் வாயில் அது சுற்ற வேண்டுமே! ஒரு மாதத்தில் உனக்குக் கிலோமீட்டர் என்று பெயர் விழுந்தது. பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது, "கிலோமீட்டர், மேல் மலைக்கு" என்று கங்காணி கூப்பிட, எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். யாராவது புதிதாக வந்தால் நீயே அந்தக் கதையை எடுத்துவிடுவாய். மழையில் நின்றதை நடித்துக் காட்டுவாய். நான் அந்த இடத்தில் இருந்தால் உன் நடிப்பு இன்னும் பிரமாதமாக இருக்கும். எனக்கு உதவி செய்கிறாய் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

நம் கடைசிச் சவாரி போன வருசம். அதே அப்புத்தளை, அதே இறக்கம். எனக்குக் கம்பெனிச் சைக்கிள், உனக்கு உன் பழைய இரும்பு. பெரகலையில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. நீ பத்திரிகையை விரித்து, ராசிபலன் படிக்காமல், தலையைத் தூக்காமலே கேட்டாய்.

"மச்சான், அன்னிக்கு நீ எழுதிக் குடுத்தது ஞாபகம் இருக்கா?"

"என்னா எழுதுனேன்? எப்பவோ நடந்தத இப்ப என்னாத்துக்குக் கெளர்ற? டீயக் குடி."

"சரி சரி" என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தாய். பிறகு எழுந்து இரண்டு சைக்கிளின் டயரையும் அமுக்கிப் பார்த்தாய். எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தாய், நான் அதைச் சாத்திவிட்டேன். திரும்பி ஏறும்போது நடுவழியில் நீ முதல் முறையாக இறங்கித் தள்ளினாய். "வயசாகுதுடா" என்றாய். நெஞ்சு வலித்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மாசி மாதம் பீலிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது எல்ல ஊர்ப் பக்கம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது தோட்டத்துச் சந்தியில் உன் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. உன் பெயர், அதற்குக் கீழே பிறைக்கோட்டுக்குள் கிலோமீட்டர். தெரியாதவர்களுக்கும் அடையாளம் தெரியட்டும் என்று பையன்கள் போட்டிருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. நான் அதற்கு முன்னால் நின்று அழுதேன். எல்லோரும் உனக்காக அழுகிறேன் என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் இந்த டப்பா. தாளை விரித்தேன். மை கொஞ்சம் கலங்கியிருக்கிறது, எழுத்து எல்லாம் படிக்க முடிகிறது. ஏழாங்கட்டை. என் கோணல் ழகரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியாது. பஞ்சர் ஒட்டவில்லை. பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி விறகு பிளந்துகொண்டிருந்தாள்.  தாளை நீட்டினேன். அவள் கோடரியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். தாளை வாங்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்ணே. நீங்க குடுத்தத அவருகிட்டக் குடுத்ததே நாந்தானே. அன்னிக்குக் கொண்டுபோய் மொதலாளிகிட்ட காட்டுங்கன்னு எவ்வளவு சண்ட போட்டேன்."

"ஏன் காட்டல?"

"'அவனே ஒரு நாளைக்கு வந்து கேப்பான், அப்பக் குடுக்குறேன்'னாரு. டப்பாவுல போட்டு வச்சாரு." கோடரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள், "நீங்க வரவே இல்லியேண்ணே."

மச்சான், ஏழாங்கட்டையில் நாலு மணி நேரம் நின்றாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்பது வருசம் நின்றிருக்கிறாய்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அடுப்படியிலிருந்தே, "புள்ளைய ஸ்கூல்ல கிலோமீட்டர் மகள்னுதான் கூப்புடுறாங்க. அதுக்குத்தான் அழுவா" என்றாள். 

மறுநாள் காலையில் ஏழாங்கட்டைக்கு ஏறினேன். பஸ்ஸில் இல்லை, சைக்கிளில். கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள், கங்காணியும் இருந்தார். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். தாளைக் காட்டினேன். கடைக்காரர்தான் வாங்கிப் படித்தார், சத்தமாக.  கங்காணி எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "அடப்பாவி, அந்த மழையில அவன் நின்னத நாங்கதான்டா பாத்தோம்" என்றார். திட்டினார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். முதலாளியிடமும் போனில் சொன்னேன். அவர், "அந்தாளு இப்ப இல்லியே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியில் கடைக்காரர் தாளை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "அப்ப கிலோமீட்டர் அவன் இல்ல, நீதான்" என்றார். சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது.

நேற்று புது ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் வந்தேன். இப்போது ஏழாவது கிலோமீட்டரில் திரும்புவதில்லை. ஏழாங்கட்டை வரைக்கும் ஏறி, முனியாண்டிக்கு எதிரில் நின்று, பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து இறங்குகிறோம். வீணாக ஏன் ஏறுகிறோம் என்று கேட்டார்கள். இங்கே ஒருத்தன் எனக்காகக் காத்திருந்தான் என்றேன். உன் டப்பா என் சைக்கிளில் பின்னால் கட்டியிருக்கிறது. தாள் என் சட்டைக்குள், நீ பத்திரிகை செருகுகிற இடத்தில்.

உன் மகள் பள்ளிக்கூடப் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஏய் கிலோமீட்டர்! பிளேன்டீயா, பால் டீயா?"

அவள் சட்டென்று தலை நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் தண்ணீர் கட்ட ஆரம்பித்தது.

"ஒன்ன இல்லம்மா" என்றேன். "என்னியத்தான் கூப்புடுறாங்க." கடைப்பக்கம் திரும்பி, அவள் காதில் விழும்படியாக, "பிளேன்டீங்க!" என்று குரல் கொடுத்தேன்.